நேர்க்கோட்டிற்கு ஒரு முகவரி: சமன்பாடு காணும் முறை

கோயில் மலரில் தலவரலாறும் திருமுறை விளக்கமும் திருப்பணிக் கணக்கும் இடம்பெறுவது வழக்கம். அவற்றுக்கிடையே இயற்கணிதம் எதற்கு என்று அன்பர்கள் கேட்கக்கூடும். அன்னதானத்தைப் போலவே கல்விப் பணியும் நம் அறநிலையத்தின் கடமை என்று ஏற்றுக்கொண்டுவிட்டோம். அப்படியானால் நம் பிள்ளைகள் எந்தப் பாடத்தில் இடறுகிறார்கள் என்பதையும் நாம் பேசித்தான் ஆகவேண்டும். எண்ணையும் எழுத்தையும் கண்களாகக் கூறிய திருவள்ளுவப் பெருந்தகை, எண்ணைத்தான் முதலில் வைத்தார் என்பதை நினைவிற் கொள்வோமாக.

பல ஆண்டுகள் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில் நான் கண்டது இது. கூட்டல், கழித்தல், பின்னம், விழுக்காடு வரை நம் பிள்ளைகள் துணிவோடு வருகிறார்கள். மூன்றாம் படிவத்தில் ‘நேர்க்கோட்டின் சமன்பாடு’ என்ற பாடம் வந்ததும் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். இதற்குக் காரணங்கள் இரண்டு. தமிழ்ப்பள்ளியில் தமிழில் கணிதம் படித்த பிள்ளை, இடைநிலைப் பள்ளியில் அதே கணிதத்தை மலாய்மொழியில் படிக்கிறது என்பது ஒன்று. அதுவரை எண்ணாக இருந்த கணக்கு இங்கே எழுத்தாகிவிடுகிறது என்பது மற்றொன்று. எக்ஸ், ஒய், எம், சி என்ற நான்கு எழுத்துகளைக் கண்டு மிரண்டுபோகும் பிள்ளை, பொருள் தெரியாமல் மனனம் செய்யத் தொடங்குகிறது.

இது ஒரு பாடத்தோடு போகிற இழப்பன்று. கூடுதல் கணிதத்தில் வரும் ‘கியோமெட்ரி கோஆர்டினாட்’, ‘ஹுக்கும் லினியர்’ ஆகிய பாடங்கள் இதன்மேல் கட்டப்பட்டவை. இயற்பியலில் தூரமும் நேரமும் கொண்டு வரையும் வரைபடத்தில் கோட்டின் சரிவுதான் வேகம். இங்கே இடறிய பிள்ளை கூடுதல் கணிதத்தை வேண்டாமென்கிறது. அதோடு அறிவியல் பிரிவும் கைநழுவுகிறது. பொறியியல், நில அளவை போன்ற துறைகளின் கதவுகள் பதினைந்து வயதிலேயே சாத்திக்கொள்கின்றன. கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வெளியேறிய நம் குடும்பங்கள் பலவற்றுக்கு நிலமில்லை. பிள்ளைகளின் படிப்பே நிலம். ஆகவேதான் இந்தப் பாடத்தைப் பெற்றோருக்கும் புரியும்படி இங்கே விளக்க முற்படுகிறேன்.

இரண்டு முளை, ஒரு கயிறு

நேர்க்கோடு நம்மவர்களுக்குப் புதியதன்று. உலகறிந்த ஒரு சான்று நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஹென்றி பொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர், அந்நாளில் பத்தாங் பெர்ஜுந்தை என்றும் 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்றும் வழங்கும் ஊரை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் 1917-ஆம் ஆண்டு செம்பனையை வாணிக அளவில் பயிரிட்டார். மலேசியாவில் வாணிகச் செம்பனைப் பயிர் தொடங்கிய இடம் அதுவே. தோட்டத்தின் பெயரோ நல்ல தமிழ்ப் பெயர்.

செம்பனைக் கன்று நடுவதற்கு முன் நிரை பிடிப்பார்கள். இரண்டு முனைகளில் முளை அடித்துக் கயிற்றை இழுத்துக் கட்டினால், இடையில் எத்தனை குழி வெட்டினாலும் அத்தனையும் ஒரே கோட்டில் நிற்கும். மூன்றாவது முளை தேவையில்லை; ஒரே ஒரு முளையோ போதாது, கயிறு எந்தத் திசையிலும் சுற்றும். ‘இரண்டு புள்ளிகள் ஒரே ஒரு நேர்க்கோட்டைத் தீர்மானிக்கும்’ என்று பாடநூலில் இருப்பது இதுதான். நம் பாட்டன்மார் அதைக் கயிற்றால் செய்தார்கள். பிள்ளைகள் அதை எண்ணால் செய்கிறார்கள்.

கோயில் கட்டும் முறையிலும் இதே கருத்து உண்டு. கருவறையின் திசையை முடிவு செய்யச் சமதரையில் சங்கு எனப்படும் முளையை நட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம் வரைவார்கள். முற்பகலில் முளையின் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு குறி. பிற்பகலில் தொடும் இடத்தில் இன்னொரு குறி. இரண்டு குறிகளையும் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைக்கும். காத்யாயன சுல்ப சூத்திரம் இம்முறையைச் சொல்கிறது. சிற்ப நூலான மயமதமும் சங்கு நடும் முறையை விளக்குகிறது. இரண்டு புள்ளி கிடைத்தால் கோடு கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையின்மேல்தான் நம் ஆலயங்கள் திசை பார்த்து நிற்கின்றன.

புள்ளிக்கு முகவரி

கயிறு தோட்டத்தில் இருக்கிறது. அதைத் தாளில் எப்படிச் சொல்வது? முதலில் புள்ளிக்கு முகவரி வேண்டும். கோலசிலாங்கூர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், வட அகலக்கோடு சுமார் 3 பாகை 20 கலை, கிழக்கு நெடுக்கோடு சுமார் 101 பாகை 15 கலை என்று இரண்டு எண்களால் சொல்லிவிடலாம். வரைபடத் தாளிலும் அப்படியே. படுக்கையாக ஒரு கோடு, அது எக்ஸ் அச்சு. செங்குத்தாக ஒரு கோடு, அது ஒய் அச்சு. இரண்டும் சந்திக்கும் இடம் ஆதிப்புள்ளி. அங்கிருந்து வலப்புறம் 3, மேலே 5 போனால் அந்தப் புள்ளியின் முகவரி (3, 5). இடப்புறமும் கீழும் கழித்தல் எண்கள். இதனை நம் தமிழ்ப்பள்ளிப் பாடநூல்கள் அச்சுத்தூரம் என்றும், தமிழ்நாட்டில் ஆயத்தொலைவு என்றும், இலங்கையில் ஆள்கூறு என்றும் சொல்வார்கள்.

வடிவக்கணிதத்தையும் இயற்கணிதத்தையும் இவ்வாறு மணமுடித்து வைத்த பெருமை பிரான்சு நாட்டவர் இருவரைச் சேரும். ஒருவர் டெக்கார்ட், அவருடைய ‘வடிவக்கணிதம்’ 1637-இல் வெளிவந்தது. மற்றவர் பெர்மா, ஏறக்குறைய அதே காலத்தில், எக்ஸும் ஒய்யும் முதற்படியில் மட்டும் வரும் சமன்பாடு நேர்க்கோட்டையே குறிக்கும் என்று எழுதினார். அவருடைய அந்த நூல் அச்சேறியது அவர் மறைந்தபின் 1679-இல்தான்.

சமன்பாடு என்பது வேறொன்றுமில்லை. ஒரு கோட்டின்மேல் உள்ள எல்லாப் புள்ளிகளுக்கும் பொதுவான ஒரு விதி. அந்த விதிக்குக் கட்டுப்படும் புள்ளி கோட்டில் இருக்கும். கட்டுப்படாத புள்ளி கோட்டில் இராது. இந்த ஒரு வாக்கியம் மனத்தில் பதிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

சரிவு என்பது என்ன?

முதியோரும் சக்கர நாற்காலியில் வருவோரும் கோயிலுக்குள் வரப் படிக்கட்டை ஒட்டிச் சாய்தளம் அமைக்கிறோம். வழக்கமாகச் சொல்லப்படும் அளவு 1:12. அதாவது 1 அடி உயர 12 அடி தூரம் வேண்டும். படிகளின் மொத்த உயரம் 45 சென்டிமீட்டர் என்றால் சாய்தளத்தின் நீளம் தரைமட்டத்தில் 45 × 12 = 540 சென்டிமீட்டர். இடம் போதவில்லை என்று 270 சென்டிமீட்டரில் முடித்தால் சரிவு இரண்டு மடங்காகும். நாற்காலியைத் தள்ளுகிறவருக்குத்தான் அதன் கனம் தெரியும்.

உயர்வை, கிடைத் தூரத்தால் வகுத்தால் வருவது சரிவு. இதற்குத்தான் எம் என்ற எழுத்து. இங்கே எம் = 45 ÷ 540 = 1/12. மலாயில் இது ‘கெச்செருனான்’, தமிழ்நாட்டுப் பாடநூல்களில் சாய்வு, இலங்கையில் படித்திறன். பெயர் எதுவானாலும் பொருள் ஒன்றே: கிடையாக ஓர் அடி நகர்ந்தால் எவ்வளவு ஏறுகிறோம்?

ஏறினால் சரிவு கூட்டல் எண். இறங்கினால் கழித்தல் எண். 2,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டு நிமிடத்திற்கு 50 லிட்டர் வெளியேறினால், சரிவு −50. நேர்க்கோட்டின் தனிக்குணம், அதன் சரிவு எங்கே அளந்தாலும் மாறாதது. வளைவான மலைப்பாதைக்கு இடத்திற்கு இடம் சரிவு மாறும். நேர்க்கோட்டிற்கு முதல் அடியிலும் கடைசி அடியிலும் ஒரே சரிவு. எந்த இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொண்டாலும் விடை ஒன்றாக வருவது இதனால்தான்.

அன்னதானக் கணக்கில் ஒரு சமன்பாடு

இனி மேற்படி எழுத்துகள் அனைத்தையும் ஒரே கணக்கில் பார்ப்போம். எடுத்துக்காட்டிற்காக நான் வைத்துக்கொள்ளும் எண்கள் இவை: 200 பேருக்கு அன்னதானம் செய்தபோது 1,300 வெள்ளி செலவு. 500 பேருக்குச் செய்தபோது 2,800 வெள்ளி. அடுத்த மாதம் 350 பேர் வருவார்கள் என்றால் எவ்வளவு ஒதுக்கவேண்டும்?

ஆள் எண்ணிக்கை எக்ஸ், செலவு ஒய். நமக்குத் தெரிந்த புள்ளிகள் (200, 1300), (500, 2800). ஆட்கள் 300 கூடினார்கள். செலவு 1,500 கூடியது. 1500 ÷ 300 = 5. அதாவது ஓர் இலைக்கு 5 வெள்ளி. இதுவே சரிவு.

அப்படியானால் 200 பேருக்கு 200 × 5 = 1,000 வெள்ளிதானே ஆகியிருக்கவேண்டும்? ஆனதோ 1,300. மீதி 300 வெள்ளி எங்கே போயிற்று? பாத்திர வாடகை, அடுப்பு, லாரிக்கூலி. ஒருவர்கூட வராவிட்டாலும் அந்த 300 வெள்ளி செலவு உண்டு. எக்ஸ் சுழியமாக இருக்கும்போது ஒய்யின் மதிப்பு அது. கோடு ஒய் அச்சை வெட்டும் இடமும் அதுவே. இதற்குத்தான் சி என்ற எழுத்து. மலாயில் ‘பிந்தாசான் ஒய்’. தமிழில் ஒய் வெட்டுத்துண்டு.

ஆகவே சமன்பாடு: ஒய் = 5 எக்ஸ் + 300. பொது வடிவில் ஒய் = எம் எக்ஸ் + சி. 350 பேருக்கு 5 × 350 + 300 = 2,050 வெள்ளி. பொருளாளர் மனக்கணக்காகச் செய்வதைத்தான் பிள்ளைகளின் பாடநூல் எழுத்துகளால் செய்கிறது. எம் என்றால் ஆளுக்கு எவ்வளவு. சி என்றால் தொடக்கத்தில் எவ்வளவு. அமெரிக்கப் பள்ளிகளில் சி இருக்கும் இடத்தில் பி என்று எழுதுகிறார்கள்; சுவீடனில் ஒய் = கே எக்ஸ் + எம் என்று எழுதுகிறார்கள். எழுத்து மாறினாலும் வேலை மாறாது. எனவே எழுத்தை மனனம் செய்யாமல் அதன் வேலையை மனத்தில் வையுங்கள்.

இரண்டு புள்ளியிலிருந்து சமன்பாடு: மூன்று படி

தேர்வில் பெரும்பாலும் வரும் வினா இது: (−2, 7), (4, −5) என்ற புள்ளிகள் வழியே செல்லும் நேர்க்கோட்டின் சமன்பாட்டைக் காண்க.

முதற்படி, சரிவைக் காண்க. ஒய்களின் வேறுபாடு: −5 − 7 = −12. எக்ஸ்களின் வேறுபாடு: 4 − (−2) = 6. சரிவு −12 ÷ 6 = −2.

இரண்டாம் படி, ஏதாவது ஒரு புள்ளியை இட்டு சி-யைக் காண்க. (−2, 7)-ஐ எடுத்தால், 7 = −2 × (−2) + சி. அதாவது 7 = 4 + சி. எனவே சி = 3.

மூன்றாம் படி, சமன்பாட்டை எழுதி மற்றப் புள்ளியால் சோதிக்க. ஒய் = −2 எக்ஸ் + 3. எக்ஸ் 4 ஆனால் −8 + 3 = −5. சரியாக இருக்கிறது. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்தான் ஆகும். விடை சரியா என்று ஆசிரியரைக் கேட்கவேண்டிய தேவையும் இல்லாமற் போகும். சமன்பாடு தனக்குத்தானே சாட்சி சொல்லும்.

இரண்டு புள்ளிகளுக்கிடையே நேர்க்கோடு இழுத்து நடுவிலுள்ளதைக் கணக்கிடும் வழக்கம் நம் முன்னோரிடம் நெடுங்காலமாக இருந்தது. கி.பி. 499-இல் ஆரியபடர் இயற்றிய ஆரியபடீயத்தில் மூன்றெண் விதியும், 24 சைன் வேறுபாடுகள் கொண்ட பட்டியலும் உள்ளன. 225 கலைக்கு ஒரு மதிப்பு, 450 கலைக்கு ஒரு மதிப்பு என்று அது போகும். 225 கலைக்கு மதிப்பு 225. 450 கலைக்கு 449. நமக்கு 5 பாகைக்கு, அதாவது 300 கலைக்கு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சரிவு 224/225. தாண்டவேண்டிய தூரம் 75 கலை. எனவே 225 + 75 × 224/225 = 299.67. ஆரியபடர் கொண்ட ஆரம் 3438. இன்றைய கணிப்பொறி அந்த ஆரத்திற்குத் தரும் மதிப்பு 299.64. பட்டியலில் இல்லாத மதிப்பை இவ்வாறு இடையிட்டுக் காணும் முறை பஞ்சாங்கக் கணிதத்தில் நெடுங்காலமாகப் பயின்று வருவது. மூன்றாம் படிவத்துப் பிள்ளை செய்வதும் அதே கணக்குத்தான் என்று தெரிந்தால் அதற்கு ஒரு பெருமிதம் வரும்.

கொடிமரமும் நிரைகளும்

சில கோடுகளுக்குத் தனிப்பட்ட குணமுண்டு. மண்டபத் தரை போலப் படுக்கையாக இருக்கும் கோட்டில் ஏற்றமே இல்லை, சரிவு சுழியம். அதன் சமன்பாடு ஒய் = 4 என்பது போல இருக்கும்.

கொடிமரம் போலச் செங்குத்தாக நிற்கும் கோட்டில் உயர்வு உண்டு. கிடைத் தூரமோ சுழியம். சுழியத்தால் வகுக்க இயலாது. எனவே செங்குத்துக் கோட்டிற்குச் சரிவு வரையறுக்கப்படவில்லை. அதை ஒய் = எம் எக்ஸ் + சி என்ற வடிவில் எழுதவும் முடியாது; எக்ஸ் = 4 என்பது போலத்தான் எழுதவேண்டும். கொடிமரத்தின் எந்த உயரத்தில் கைவைத்தாலும் எக்ஸ் மாறாது என்பதே அதன் பொருள்.

இணைகோடுகளுக்குச் சரிவு ஒன்றே. சி மட்டும் வேறு. இதற்குச் செம்பனைத் தோட்டத்தைவிட நல்ல பாடநூல் கிடையாது. 9 மீட்டர் இடைவெளியில் முக்கோண முறையில் நட்டால் நிரைக்கும் நிரைக்கும் இடையே சுமார் 7.8 மீட்டர் இருக்கும். ஹெக்டருக்குச் சுமார் 143 மரம் அமையும். ஒரு மரத்தை ஆதிப்புள்ளியாக வைத்துக்கொள்வோம். முதல் நிரை ஒய் = 0; அடுத்தது ஒய் = 7.8; அதற்கடுத்தது ஒய் = 15.6. தோட்டச் சாலையில் போகும்போது மரங்கள் நேராக மட்டுமன்றிச் சாய்வாகவும் வரிசை வரிசையாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஆதிப்புள்ளி மரத்திலிருந்து அடுத்த நிரையின் முதல் மரம் (4.5, 7.8)-இல் நிற்கிறது. சரிவு 7.8 ÷ 4.5, அதாவது சுமார் 1.73. அந்தச் சாய்வு நிரையின் சமன்பாடு ஒய் = 1.73 எக்ஸ். பக்கத்து மரமான (9, 0)-இலிருந்து போகும் சாய்வு நிரைக்கும் சரிவு 1.73-தான், சி மட்டும் −15.6 (1.73 × 9 = 15.57, தோராயமாக 15.6). எதிர்ப்பக்கம் சாயும் நிரைகளுக்கு −1.73.

செங்கோணத்தில் வெட்டும் இரண்டு சாய்கோடுகளின் சரிவுகளைப் பெருக்கினால் −1 வரும். ஒன்றின் சரிவு 2 என்றால் மற்றதன் சரிவு −1/2. இது கூடுதல் கணிதத்தில் வரும். இப்போதே அறிந்து வைத்தால் நல்லது.

பிள்ளைகள் வழுக்கும் இடங்கள்

விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப நான் கண்ட பிழைகள் ஐந்து.

முதலாவது, தலைகீழாக வகுப்பது. உயர்வு மேலே, தூரம் கீழே. சாய்தளத்தை நினைத்துக்கொண்டால் இது மாறாது.

இரண்டாவது, வரிசை மாறுவது. ஒய்க்கு இரண்டாம் புள்ளியிலிருந்து முதற்புள்ளியைக் கழித்தால், எக்ஸுக்கும் அப்படியே கழிக்கவேண்டும்.

மூன்றாவது, கழித்தலுக்குப் பின் கழித்தல் எண் வரும் இடம். 4 − (−2) என்பதை 2 என்று எழுதிவிடுவார்கள், விடை 6. அடைப்புக்குறி போடும் பழக்கம் இதைத் தடுக்கும்.

நான்காவது, 2 ஒய் = 6 எக்ஸ் + 8 என்று கொடுத்தால் சரிவு 6 என்பது. ஒய் தனியாக நிற்கும்வரை சரிவைச் சொல்லக்கூடாது. 2-ஆல் வகுத்து ஒய் = 3 எக்ஸ் + 4 என்றாக்கினால் சரிவு 3, வெட்டுத்துண்டு 4.

ஐந்தாவது, ஒரே கோடு வேறு உடையில் வந்தால் அடையாளம் தெரியாமல் போவது. 3 எக்ஸ் + 2 ஒய் = 12 என்பதை ஒய் = −1.5 எக்ஸ் + 6 என்றும் எழுதலாம். இரு பக்கமும் 12-ஆல் வகுத்தால் எக்ஸ்/4 + ஒய்/6 = 1. இந்தக் கடைசி வடிவத்தில் கோடு எக்ஸ் அச்சை 4-இலும் ஒய் அச்சை 6-இலும் வெட்டுவது பார்த்தவுடன் தெரிகிறது. மூன்று வடிவமும் மூன்றாம் படிவப் பாடத்தில் உண்டு. திருவிழாவில் சுவாமிக்கு நாளொரு அலங்காரம் செய்தாலும் மூலவர் ஒருவரே அன்றோ!

கோடு பொய்க்கும் இடம்

இரண்டு புள்ளி கிடைத்தால் கோடு கிடைக்கும். ஆனால் உலக நடப்பு அந்தக் கோட்டிலேயே செல்லும் என்பதற்கு உறுதியில்லை. தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2013 சனவரியில் 900 வெள்ளி. 2016 சூலையில் 1,000 வெள்ளி. 42 மாதத்தில் 100 வெள்ளி. மாதத்திற்குச் சுமார் 2.38. இதே கோட்டை நீட்டினால் 112-ஆவது மாதமான 2022 மே மாதத்தில் சுமார் 1,167 வெள்ளி வரவேண்டும். உண்மையில் அப்போது அறிவிக்கப்பட்டது 1,500 வெள்ளி. 2025 பிப்ரவரியில் 1,700. சம்பளத்தைக் கோரிக்கையும் விலைவாசியும் அரசின் முடிவும் நிர்ணயிக்கின்றன. மாதக் கணக்கு மட்டும் நிர்ணயிப்பதில்லை.

அன்னதானக் கணக்கும் அப்படியே. 350 பேர் என்பது 200-க்கும் 500-க்கும் இடைப்பட்டது, நம்பலாம். 3,000 பேர் என்றால் இன்னொரு பந்தல், இன்னொரு லாரி. 300 வெள்ளி என்ற சி நிலைக்காது. ஆகவே மூன்றாவது புள்ளி கிடைத்தால் அதைச் சமன்பாட்டில் இட்டுப் பார்த்துவிட்டே நம்பவேண்டும். இந்த ஐயுறவையும் சேர்த்துக் கற்பிப்பதே கணிதம்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

ஆறாம் ஆண்டின் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இலும், மூன்றாம் படிவத்தின் பி.தி.3 தேர்வு 2022-இலும் அகற்றப்பட்டன. முன்பு அத்தேர்வுகளின் முடிவு வந்ததும் வீட்டில் எச்சரிக்கை மணி அடிக்கும். ஆகவே இனித் தேர்வு வரட்டும் என்று காத்திராமல், பிள்ளையின் கணிதப் பயிற்சி நூலை மாதம் ஒருமுறையாவது பெற்றோர் திறந்து பார்க்கவேண்டும். உங்களுக்குக் கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மூன்று கேள்வி கேளுங்கள். “இதில் சரிவு எது? அதன் பொருள் என்ன?” “தொடக்கத்தில் எவ்வளவு?” “விடையைப் புள்ளியில் இட்டுச் சோதித்தாயா?” பிள்ளை தமிழில் விளக்கினால் அது பாடத்தைப் புரிந்துகொண்டது என்று அறியலாம், வெறும் எழுத்துகளை ஒப்பித்தால் மீண்டும் சாய்தளத்திலிருந்து தொடங்கவேண்டும்.

பள்ளியில் வரும் சொற்கள் இவை: காரிஸ் லூருஸ் – நேர்க்கோடு, பெர்சாமாஆன் – சமன்பாடு, கெச்செருனான் – சரிவு, பிந்தாசான் – வெட்டுத்துண்டு, பக்சி – அச்சு, ஆசாலான் – ஆதிப்புள்ளி, செலாரி – இணை. இவற்றைத் தாளில் எழுதிப் படிக்கும் மேசைமேல் ஒட்டிவையுங்கள்.

பயிற்சிக்கு நான்கு வினாக்கள்:

1. சரிவு 3, கோடு (2, 1) வழியே செல்கிறது. சமன்பாடு என்ன?
2. (1, 4), (5, 12) வழியே செல்லும் கோட்டின் சமன்பாடு என்ன?
3. ஒய் = 2 எக்ஸ் − 1 என்ற கோட்டிற்கு இணையாக (0, 6) வழியே செல்லும் கோடு எது?
4. 2,000 லிட்டர் தொட்டியிலிருந்து நிமிடத்திற்கு 50 லிட்டர் வெளியேறுகிறது. சமன்பாட்டை எழுதித் தொட்டி எப்போது காலியாகும் என்று காண்க.

விடைகள்: 1. ஒய் = 3 எக்ஸ் − 5. 2. ஒய் = 2 எக்ஸ் + 2. 3. ஒய் = 2 எக்ஸ் + 6. 4. ஒய் = −50 எக்ஸ் + 2000; 40-ஆவது நிமிடத்தில்.

நான்கும் சரியாக வந்த பிள்ளைக்கு என் வாழ்த்து. வராத பிள்ளை வெட்கப்பட வேண்டாம். எந்தப் படியில் நின்றது என்று குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் கேட்கட்டும். படி மூன்றுதான். எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் நம் பிள்ளைகள் அவற்றை ஏறிக் கடப்பார்களாக.